ஒரு குழல், பல பாணிகள்: நாதஸ்வர மரபும் அதன் அளவுகோல்களும்

ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டிய ஆண்டு 1909. அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் எழுந்தது 1911இல். சிங்கப்பூருக்குக் கடற்பாலம் திறந்தது 1924இல். தண்டவாளத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் நம் முன்னோர் வியர்வை சிந்திய அதே காலத்தில், காவிரிக் கரையில் நாதஸ்வரம் தன் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இன்று நம் ஆலயங்களில் ஒலிக்கும் மங்கள இசை அந்தத் தலைமுறை வகுத்துக் கொடுத்தது. அதன் பாணிகள் எவை, நல்ல வாசிப்பு எது என்று அந்த மரபு எதை வைத்து முடிவு செய்தது என்பதைக் கேட்கிற நாமும் ஓரளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கருவி

நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் இதற்கு விருப்பமான மரம். ஈரம் முழுவதும் வற்றி இறுகியிருக்கும். அடியில் அணசு, மேலே கெண்டை, கெண்டையின் நுனியில் சீவாளி. நாணல் இனத் தட்டையிலிருந்து செய்யும் அந்தச் சிறு சீவாளிதான் கருவியின் உயிர். வித்வான் அதை வாயில் வைத்து ஈரமாக்கி, ஊசியால் வாயைச் சற்று விரித்து, ஊதிப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் கழற்றி, குழலோடு தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகுவார். பந்தலில் இருப்பவர்கள் இதைத் தாமதம் என்று நினைப்பதுண்டு. அரங்கில் வீணைக்காரர் தந்தி கூட்டும்போது நாம் காக்கிற பொறுமையை இங்கேயும் காக்கலாம்.

விரல் வைக்கும் துளைகள் ஏழு. சாவி எதுவும் கிடையாது. துளையை முழுதாக மூடுவது, பாதி மூடுவது, மூச்சை அழுத்துவது, தளர்த்துவது என்ற இந்த நான்கு வேலையில்தான் எல்லாச் சுரங்களும் கமகங்களும் பிறக்கின்றன.

பழைய குழல் திமிரி: குட்டையானது, நான்கு கட்டைக்கு மேலே ஒலிப்பது, நான்கு வீதிக்கும் கேட்பது. பாரி நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டையில் கனமாக ஒலிப்பது. திமிரியிலிருந்து பாரிக்கு வந்த மாற்றத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை. அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசும்படி குழலைத் திருத்தினார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோவில் வகுத்த இலக்கணம்

பாணிகளுக்கு முன்னால் கோவில் இருந்தது. எந்த வேளையில் எந்த ராகம் என்பதைப் பூஜை முறைதான் தீர்மானித்தது. விடியலில் பூபாளம், பௌளி, காலை ஏறினால் பிலஹரி, மாலையில் பூர்விகல்யாணி, கல்யாணி, இரவுப் புறப்பாட்டில் தோடி, காம்போதி, பள்ளியறைக்கு நீலாம்பரி. கடிகாரம் இல்லாத வீட்டிலும் மேளத்தைக் கேட்டே அம்பாள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.

சுவாமி புறப்படும்போது மல்லாரி. கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவில் சொற்கட்டையே இசையாக்கியது அது. முதலில் விளம்பமாக ஒருமுறை. அதே உருப்படி இரண்டாம் காலத்தில், மூன்றாம் காலத்தில், பிறகு திஸ்ரத்தில். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. காலம் மாறும் இடத்தில் தாளம் இம்மியும் அசையக் கூடாது. வித்வானையும் தவில்காரரையும் ஒருசேர எடைபோட இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

பாணிகள்

செம்பொன்னார்கோயில் பாணிக்கு அடையாளம் ரக்தி. வேறு எந்தக் கச்சேரியிலும் கேட்க முடியாத, நாதஸ்வரத்துக்கே உரிய உருப்படி அது. ஏழு எண்ணிக்கை கொண்ட ஒரு சொற்கட்டை எடுத்து, ராகத்தில் தோய்த்து, மணிக்கணக்கில் வளர்ப்பார்கள். ராமசாமிப் பிள்ளை இதில் பெயர் பெற்றவர். பேரர்கள் எஸ்.ஆர்.ஜி. சம்பந்தம், ராஜண்ணா சகோதரர்கள் வரை அந்தச் சொத்து கைமாறி வந்தது.

திருவீழிமிழலை சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் கீர்த்தனைக்காரர்கள். வாய்ப்பாட்டில் உள்ள சங்கதி அப்படியே குழலில் வர வேண்டும். இரண்டு குழலும் ஒன்றாகக் கேட்க வேண்டும். இன்று இருவர் சேர்ந்து வாசிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டதில் இவர்களுடைய பங்கு பெரிது. உலகம் பாரிக்கு மாறியபோதும் திமிரியை இவர்கள் விடவில்லை. சுப்பிரமணிய பிள்ளைக்குச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1956இல் வந்தது.

திருவாவடுதுறை என்றால் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்தவர், தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை வீட்டில் வளர்ந்தவர், முதலில் வாய்ப்பாட்டு பயின்று பிறகு குழலுக்கு வந்தவர். அவர் வாசிப்பில் பாட்டுக்காரரின் மூச்சு தெரிவதற்குக் காரணம் அதுதான். சுருதிக் குழலான ஒத்துக்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டார். ஆதீன வித்வானாகவும் இருந்தார். 1940இல் ‘காளமேகம்’ படத்தில் நாயகனாகவும் நடித்தார். அவருடைய தோடியைக் கவனித்துக் கேளுங்கள். காந்தாரத்தில் நின்று அதை அசைத்து அசைத்துக் காட்டுவார். பஞ்சமத்தை விட்டுத் தாண்டி ஒரு பிடி பிடிப்பார். எதிர்பாராத இடத்தில் பிருகா ஒன்று மின்னி மறையும். பிறகு தார ஸ்தாயியில் நீண்ட கார்வை. மூச்சு எங்கே எடுத்தார் என்று தேடினாலும் அகப்படாது. கீர்த்தனைக்கு முன்னுரையாக இருந்த ஆலாபனை இவர் கையில் தானே கச்சேரியாகிவிட்டது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் தெற்கத்திக்காரர். குருவின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதில் குழைவைக் கூட்டினார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்த அந்தக் குழல் அவருடையது. 1964இல், நாற்பத்து மூன்று வயதுக்குள், மறைந்தார்.

ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தின் கரவதியிலிருந்து வந்தவர். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். பாணி என்பது பிறப்புரிமை அல்ல, பயின்று பெறுவது என்பதற்கு இவரைவிடச் சான்று தேவையில்லை.

யாழ்ப்பாணமும் தன் பங்கைத் தந்தது. அளவெட்டி என்.கே.பத்மநாதனின் குழலும், இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தியின் தவிலும் கடல் தாண்டிப் போற்றப்பட்டவை. தட்சிணாமூர்த்திக்குத் தமிழக வித்வான்களே பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். இலங்கைத் தமிழர் வேர்விட்ட மலேசியாவில் இந்தப் பாணியையும் நம் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இசைத்தட்டும் தொலைதேசத்துத் தோழரும்

காவிரிக் கரையில் நாதஸ்வரம் உச்சத்தை நோக்கி ஏறிய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்னொரு தனிக்கருவி மரபு வளர்ந்தது. ஸ்காட் ஜோப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் அச்சேறியது. அடுத்த இருபது ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், வீட்டு வாடகைக்குக் காசு சேர்க்க நடத்திய விருந்துகளில், பியானோக்காரர்கள் விடிய விடியப் போட்டி போட்டார்கள். இடக்கை தாவித் தாவித் தாளம் காக்க, வலக்கை கற்பனை செய்யும். ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலைனா ஷவுட்’ அங்கே உரைகல். புதிதாக வருபவர் அதை வாசித்துக் காட்டினால்தான் மதிப்பு. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டியூக் எலிங்டன், தானே இயங்கும் பியானோவில் அந்த உருப்படியின் காகிதச் சுருளை ஓடவிட்டு, கட்டைகள் அமுங்கும் இடத்தில் விரல் வைத்துப் பழகினார். பியானோவில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. ப்ளூஸ் வாசித்தவர்களோ அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை உரசி அமுக்கி, இல்லாத அந்த நடுச்சுரத்தைக் காதுக்குக் காட்டினார்கள்.

நமக்குத் தெரிந்த கதைதான் இது. தேர்வாணையம் கிடையாது, பட்டம் கிடையாது. ஹார்லெமில் ஓர் உருப்படி. தஞ்சையில் ஒரு மல்லாரி, ஒரு ரக்தி, ஒரு தோடி. அவற்றை வாசித்துத்தான் ஒருவன் வித்வானானான். இரண்டு மரபையும் 78 சுழற்சி இசைத்தட்டு ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோனது. மூன்று நான்கு நிமிடத்துக்குள் அடக்க வேண்டிய கட்டாயமும் அதோடு வந்தது. இரவு முழுவதும் வாசித்த தோடி, தட்டின் ஒரு பக்கத்துக்குள் சுருங்கியது. ராஜரத்தினம் பிள்ளையின் புகழைத் தட்டு பரப்பியது உண்மை. அவர் வீதியில் வாசித்த அளவை அது காட்டவில்லை என்பதும் உண்மை.

அளவுகோல்கள்

பாணிகள் வேறுபட்டாலும் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல்கள் நான்கு. முதலாவது நாதம்: ஒலி உரக்க இருப்பது பெரிதல்ல, ஒரே சீராக நிற்க வேண்டும். இரண்டாவது ராக சுத்தம்: தோடி தோடியாகவே இருக்க வேண்டும், அவசரத்தில் அண்டை ராகம் எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்றாவது லயம்: நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் பக்கத்தில் இருக்கும்போது தடுமாறாமல் பல்லவி சொல்வது. நான்காவது இடம் அறிதல்: தீபாராதனைக்கு எப்போது கெட்டிமேளம், அபிஷேகத்தில் எங்கே நிதானம், ஊஞ்சலில் எங்கே குழைவு என்று சொல்லாமலே தெரிவது. முதல் மூன்றும் கச்சேரி மேடையிலும் வரும். நான்காவது கோவிலில் மட்டுமே கற்க முடிவது.

நம் ஊர்ப் பொறுப்பு

இங்கே நம் ஆலயங்கள் பலவற்றுக்குத் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வித்வான்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். இங்கேயே பயின்ற பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். அவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம்? கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு. திருவிழாவில் உறுமியோடும் ஒலிபெருக்கியோடும் போட்டி. உறுமி மேளம் நம் இளைஞர்களின் பெருமை. காவடி நடைக்கு அதுதான் உயிர். அதன் இடத்தை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. நாதஸ்வரத்துக்கும் ஓர் இடமும் நேரமும் தனியே வேண்டும் என்பதே கோரிக்கை.

செலவில்லாத மூன்று காரியங்களை எந்த ஆலய நிர்வாகமும் செய்யலாம். புறப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்கு மட்டும் ஒதுக்கி, அந்த நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்துவது. குழலின் வாயருகே ஒலிவாங்கியைத் திணிக்காமல் சற்றுத் தள்ளி வைப்பது. வேளைக்குரிய ராகத்தை வித்வானிடம் விரும்பிக் கேட்பது. கேட்டால்தான் அவர் வீட்டில் சாதகம் செய்வார். கேட்காத ராகம் விரலை விட்டுப் போய்விடும். அன்று பாணிகளை வளர்த்தது ஆதீனமும் மிராசுதாரும் மட்டுமல்ல. நடுநிசியிலும் வீதியில் நின்று, அடுத்த பிடி எது என்று காத்திருந்த ஊர்க்காரர்கள்.

அடுத்த திருவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் அச்சிடும்போது, நாதஸ்வர வித்வான் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: இன்றிரவு அவர் விரித்து வாசிக்கும் ராகம் எது என்று.