பல்லாங்குழி, வி.ஆர். ஹெட்செட், மறதி: சில குறிப்புகள்

வயதானவர்களின் மூளை நலம் பற்றி இரண்டு வகைச் செய்திகள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று: அமெரிக்காவில் வி.ஆர். விளையாட்டு ஆடிய முதியவர்களுக்கு ஞாபகசக்தி திரும்பிவிட்டது. இன்னொன்று: அந்தக் காலத்து ஆச்சிகள் பல்லாங்குழி ஆடினார்கள், அதனால்தான் அவர்களுக்கு மறதி நோய் வரவில்லை. காரைக்குடிப் பக்கத்தில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும், பெற்றோர் ஊரில் பெரிய வீட்டில் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. "அம்மாவுக்கு ஒரு ஹெட்செட் வாங்கி அனுப்பலாமா?" என்று அங்கே ஒருவர் கேட்டால் அது சும்மா கேட்பது இல்லை. பயமும் குற்ற உணர்வும் சேர்ந்து கேட்கிற கேள்வி அது. அதனால் இரண்டு செய்திகளையும் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாம்.

முதலில் வி.ஆர். செய்தி. அது அடிப்படையில்லாத வதந்தி இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ஆடம் கசாலியின் குழு 2013-இல் 'நியூரோரேசர்' என்ற கார் ஓட்டும் விளையாட்டை 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மொத்தம் 12 மணி நேரப் பயிற்சிதான். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் கூடியது. ஆறு மாதம் கழித்தும் நின்றது. 'நேச்சர்' இதழ் அதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அதே வளாகத்தில் பீட்டர் வெய்ஸ் குழு 'லேபிரிந்த்' என்ற வி.ஆர். விளையாட்டை உருவாக்கி, முடிவுகளை 2021-இல் வெளியிட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால்களை நடப்பது போல அசைத்து, அறியாத ஒரு தெருவில் வழி கண்டுபிடித்துச் சின்னச் சின்ன வேலைகளை முடித்துத் திரும்ப வேண்டும். வழியைக் கற்றுக்கொள்வது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை. நினைவுகளை நுணுக்கத்தோடு பதிவு செய்வதும் அதன் வேலைதான். ஆகவே ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தால் மற்றதும் தேறும் என்பது அவர்கள் கணக்கு. நான்கு வாரத்தில் நுணுக்கமான நினைவு மேம்பட்டதாக முடிவு வந்தது.

இந்த ஆய்வின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மனப்பாடப் பயிற்சியைத் திணிக்காமல், ஒரு புது இடத்தில் ஆளை நடக்கவிட்டார்களே, அது நல்ல சிந்தனை. ஆனால் செய்தியாகி வரும்போது மூன்று விஷயங்கள் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. கலந்துகொண்டவர்கள் சுமார் 50 பேர்தான். அவர்கள் நோயாளிகள் இல்லை, ஆரோக்கியமான முதியவர்கள். ஆகவே 'மறதி நோய் குணமானது' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மூன்றாவது, ஒப்பீட்டுக் குழு தட்டைத் திரையில் சாதாரண விளையாட்டுகளை ஆடியது. தலையில் புதுக் கருவி மாட்டிக்கொண்டு புது உலகத்துக்குள் போகிறவருக்கு வரும் உற்சாகமும் எதிர்பார்ப்பும் டேப்லெட்டைத் தட்டுகிறவருக்கு வருமா? பலன் வழி தேடியதால் வந்ததா, வி.ஆர். என்ற புதுமையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த அமைப்பு போதாது.

அப்படியானால் ஹெட்செட் கட்டாயமா? மான்ட்ரியலில் கிரெகரி வெஸ்ட் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 55 முதல் 75 வயதுக்காரர்கள் ஆறு மாதம் 'சூப்பர் மேரியோ 64' ஆடினார்கள். பழைய முப்பரிமாண விளையாட்டு, சாதாரண திரை. அவர்களிடமும் ஹிப்போகாம்பஸில் சாம்பல் நிறத் திசு கூடியது. அந்த ஆய்வும் மிகச் சிறியதுதான். ஆனால் சந்தேகத்தை அது சரியான திசையில் திருப்புகிறது: பலன் இருந்தால் அது புது இடத்தைத் தேடி அலைவதில் இருக்கலாம், கண்ணை மூடும் கருவியில் இருக்க வேண்டியதில்லை.

இந்தத் துறைக்குப் பழைய காயம் ஒன்றும் உண்டு. 'லுமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சி நிறுவனம், வயதால் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. ஆதாரம் போதாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுக்க, 2016-இல் 20 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசமாகிக்கொண்டது. சிக்கல் எளிமையானது. ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரராகிவிடலாம், சந்தேகமே இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா என்ற ஞாபகத்துக்குத் தாவுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் தாவுவதில்லை. விதிவிலக்காகச் சொல்லப்படுவது 'ஆக்டிவ்' என்ற பெரிய அமெரிக்க ஆய்வு: 65 வயதுக்கு மேற்பட்ட 2,800-க்கும் அதிகமானவர்கள், 10 ஆண்டுத் தொடர்ச்சி. அதில் பார்வை வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு 29% குறைவு என்று 2017-இல் ஒரு கணக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆய்வில் ஞாபகப் பயிற்சி பெற்ற குழுவுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை.

இப்போது நம் பக்கம். வி.ஆர். வியாபாரிகளைக் கேட்கிற அதே கேள்வியைப் பல்லாங்குழிப் பெருமை பேசுகிறவர்களையும் கேட்க வேண்டாமா? காரைக்குடியின் பழைய பொருள் கடைகளில் பல்லாங்குழிப் பலகையும் பித்தளைத் தாயக்கட்டையும் இப்போது அலங்காரப் பொருளாக விலை போகின்றன. கூடவே ஒரு மருத்துவக் கதையும் இலவசம். பல்லாங்குழியில் 14 குழிகளின் கணக்கைக் கண்ணாலேயே பிடித்து வைக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், 15 ஆடுகள், நாலு நகர்த்தல் முன்னே யோசிக்க வேண்டும். மூளைக்கு நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மறதி நோயைத் தடுக்குமா?

இங்கே அடிக்கடி இழுக்கப்படுவது ஜோ வர்கீஸ் குழு 2003-இல் வெளியிட்ட நியூயார்க் ஆய்வு. 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பின்தொடர்ந்ததில், பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் என்று இருந்தவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை இல்லை. டிமென்ஷியா வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. தாயம் ஆடுவதை ஒருவர் விட்டதால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கியதால் ஆட்டம் சலித்துப்போனதா? 'ஆச்சிகளுக்கு மறதி வரவில்லை' என்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வந்தது; அதற்கு 'வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது' என்று பெயர் வைத்திருந்தோம். இன்று 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம்.

ஆக இரண்டு கதைகளும் ஒரே தவறைச் செய்கின்றன: பொருளைப் புகழ்ந்துவிட்டு, ஆடுகிற ஆளின் சூழலை மறந்துவிடுகின்றன. செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. கல்யாணம், சாந்தி என்று ஆள் கூடுகிற நாளில் யார் எந்த அறை, எந்தச் சாவி எங்கே, யார் யாருக்கு என்ன முறை என்று நினைவில் வைத்திருப்பதே ஓயாத பயிற்சி. இன்று அதே வீட்டில் ஓர் ஆச்சி இரண்டு அறையைப் புழங்கிக்கொண்டு மற்றதைப் பூட்டி வைத்திருக்கிறார். அவர் உலகம் சுருங்கியதுதான் இங்கே முக்கியமான செய்தி. பல்லாங்குழி ஆடிய காலத்தில் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கள்ள ஆட்டம் ஆடினாய் என்று சண்டை போட்டாள். பலகையை வாங்கிவிடலாம், அவளை எங்கே வாங்குவது?

லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, டிமென்ஷியாவில் 45% வரை, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்கிறது. அந்தப் பட்டியலில் தனிமை உண்டு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், பார்வைக் குறைவு எல்லாம் உண்டு. காது கருவிக்கும் அதே கறாரைக் காட்டுவோம்: 2023-இல் வந்த 'அச்சீவ்' ஆய்வில் மொத்தக் கூட்டத்துக்கும் மூன்றாண்டில் பலன் தெரியவில்லை, ஆபத்து அதிகமிருந்த பிரிவில் மட்டும் அறிவுத் தேய்வு 48% மெதுவானது. கண்புரை அறுவை செய்தவர்களுக்கு டிமென்ஷியா குறைவு என்ற 2022 ஆய்வும் தொடர்பைத்தான் காட்டுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். காதும் கண்ணும் தெளிந்தால் மூளைக்குப் பலன் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மனுஷிக்குப் பலன் உறுதி. ஹெட்செட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. புரை படிந்த கண்ணுக்கு வி.ஆர். படமும் மங்கல்தான், தள்ளாடும் காலோடு கண்ணை மூடி நிற்பது விழுந்து எலும்பு முறியும் ஆபத்து.

ஆகவே 'வாங்கி அனுப்பலாமா?' என்பதற்கு என் பதில்: முதலில் பிரஷர், சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மூளை நலத் திட்டம் என்று யாரும் அதை அழைப்பதில்லை, ஆனால் அதுவும் ஒன்றுதான். அடுத்து காது. கண்ணுக்கு மதுரை வரை ஒரு பயணம். அந்தப் பயணமே ஒரு புது வழி. அப்புறம் விளையாட்டு. ஆசைப்பட்டால் வி.ஆர். ஆடட்டும், உட்கார்ந்தபடி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது. இல்லையென்றால் தாயக்கட்டை போதும், எதிரில் ஆள் இருந்தால்.

ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த ஊரிலேயே மூன்று குழுக்கள் வையுங்கள்: ஒன்று ஹெட்செட்டில் தெரு சுற்றட்டும், ஒன்று வாரம் மூன்று நாள் கூடித் தாயம் ஆடட்டும், ஒன்று துணையோடு ஒன்பது நகரக் கோயில்களுக்கும் போய் வரட்டும். ஒரு வருஷம் கழித்துச் சோதியுங்கள். எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் அந்த ஆய்வு வரும்வரை, ஹெட்செட்டையும் பலகையையும் மருந்து என்று யாரும் விற்கக்கூடாது.