போலி இத்தாலியமும் மொழிபெயர்ப்பாளரும்: பென்சனின் ‘குயின் லூசியா’

இ. எஃப். பென்சன் (1867–1940) 1920இல் வெளியிட்ட ‘குயின் லூசியா’, ரைஸ்ஹோம் என்னும் கற்பனையான ஆங்கிலச் சிற்றூரைக் களமாகக் கொண்ட நகைச்சுவை நாவல். ஆறு நாவல்கள் கொண்ட வரிசையில் இது முதலாவது. ஊரின் விருந்து, இசை, பேச்சு அனைத்தையும் தன் ஆட்சிக்குள் வைத்திருக்கும் எம்மெலின் லூகாஸ், ‘லூசியா’ என்னும் இத்தாலியச் சாயல் பெயரால் அறியப்படுகிறாள். கணவருடனும் நண்பர் ஜார்ஜியுடனும் இத்தாலியத்தில் உரையாடுவதாகக் காட்டிக்கொள்வது அவள் வழக்கம். இத்தாலியரான இசையமைப்பாளர் கோர்ட்டீசே அவளிடம் தம் தாய்மொழியில் சரளமாகப் பேசத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

நாவலின் சிரிப்பு பெரும்பாலும் மொழியை நம்பியே நிற்கிறது. தமிழாக்குவோருக்கு இடர் தோன்றுவதும் இங்கேதான். ‘கரோ’, ‘மோல்ட்டோ’ போன்ற சொற்களை இசைத்தாள்களிலும் பிற இடங்களிலும் கண்டு பழகிய ஆங்கில வாசகர், லூசியாவின் கையிருப்பு எத்தனை சொற்பமானது என்பதை உடனே உணர்வார். தமிழ் வாசகருக்கு அப்பழக்கம் இல்லை. எனவே அவளுடைய அறியாமை அவருக்குப் புலமையாகவே தோன்றிவிடக்கூடும். இத்தாலியத்துக்கு ஈடாக அரைகுறை வடமொழியை இட்டு நிரப்புவது எளிய வழி. ஆனால் அது ரைஸ்ஹோமை அக்கிரகாரமாக்கிவிடும்; அதைவிட, கோர்ட்டீசே வரும் காட்சியைப் பொருளற்றதாக்கிவிடும். அதே சில சொற்களை விளக்கமின்றித் தமிழ் எழுத்தில் பெயர்த்து, ஒரே வடிவில் மீண்டும் மீண்டும் வரச்செய்வதே தக்கது. சரக்கின் வறுமையைத் திரும்பவரலே காட்டிக்கொடுக்கும். ‘மூன்லைட் சொனாட்டா’வின் மெதுவான முதற்பகுதியை மட்டுமே வாசித்து அமைபவள் லூசியா என்பது இங்கு நினைக்கத்தக்கது.

லூசியாவும் ஜார்ஜியும் மழலையும் பேசிக்கொள்கின்றனர். இங்குத் தமிழுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. இயல்பான பேச்சில் ‘நீங்கள்’, மழலையில் ‘நீ’ என முன்னிலைப் பெயரை மாற்றினாலே அவ்விருவர் நெருக்கத்தின் நாடகத்தன்மை வெளிப்படும். ‘சோச்சி’, ‘மம்மம்’ முதலிய சொற்களை அளவின்றிப் பெய்வது மிகையாகும்.

டெய்சி குவாண்டாக் தன் இல்லத்துக்கு அழைத்துவரும் இந்தியக் ‘குரு’ வேறுவகைச் சிக்கலைத் தருகிறார். 1920இன் ஆங்கில வாசகருக்கு மருட்சி தந்த ‘குரு’, ‘யோகம்’ என்னும் சொற்கள் தமிழருக்கு அன்றாட வழக்கு. ஊரார் மயங்குவதற்கு முன்பே தமிழ் வாசகர் ஐயுறுவார். அதனால் சிரிப்பு குன்றுவதில்லை, ஏமாறும் ஊரார்மீது இன்னும் கூர்மையாகத் திரும்புகிறது. (இந்தியரைத் திருடராகவும் வேடதாரியாகவும் படைத்ததில் பேரரசுக்காலப் பார்வை உண்டு, அதை மொழிபெயர்ப்பில் மென்மையாக்குவது முறையன்று.) இறுதியில் அவர் இலண்டன் உணவகம் ஒன்றின் ‘கறி’ சமையற்காரர் எனத் தெரியவருகிறது. தமிழிலிருந்து சென்றதாகக் கருதப்படும் இச்சொல்லை அப்படியே மீட்டுக்கொள்ள இயலாது. இன்றைய பேச்சுத் தமிழில் ‘கறி’ பெரும்பாலும் இறைச்சியையோ காய்ப் பொரியலையோ குறிக்கும். ஆங்கிலச் சொல்லோ இந்தியக் குழம்பு வகை முழுவதையும் தழுவியது. ‘இந்தியச் சமையற்காரர்’ என்பதே இங்குப் பொருந்தும்.