பொருந்தாத தொப்பியும் ஊதாச் சீருடையும்

ஜென்னி ஜோசப் 'எச்சரிக்கை' என்ற ஆங்கிலக் கவிதையை 1961இல் எழுதியபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. முதுமையில் ஊதா உடையும் அதோடு சேராத சிவப்புத் தொப்பியுமாகத் திரியப்போவதை அதில் ஒரு பெண் கற்பனை செய்கிறாள். 1996இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில், போருக்குப் பின் வந்த கவிதைகளில் பிரிட்டன் மக்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். பலரும் இதைக் கிழவியின் குறும்பாக வாசிக்கிறார்கள். எனக்கோ இது இன்னும் கிழவியாகாத ஒருத்தியின் புழுக்கமாகப் படுகிறது. இப்போதைக்கு வாடகை கட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும், மீறலுக்குத்தான் தவணை.

இந்தக் கவிதையிலிருந்துதான் 'சிவப்புத் தொப்பிச் சங்கம்' பிறந்தது. ஸூ எலன் கூப்பர் தன் தோழியின் பிறந்தநாளுக்குச் சிவப்புத் தொப்பியையும் கவிதையின் பிரதியையும் பரிசளித்தார். மற்ற தோழிகளுக்கும் அப்படியே கொடுத்தார். 1998இல் அவர்கள் ஊதா உடையில் சேர்ந்து தேநீர் அருந்தப் போனார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் தொடங்கிய இந்த விளையாட்டு சில ஆண்டுகளில் பல நாடுகளுக்கும் பரவியது. ஒவ்வொரு கிளையின் தலைவிக்கும் 'ராஜமாதா' என்று பட்டம்.

கவிதையில் அந்தத் தொப்பி பொருந்தாமல் இருப்பதுதான் விஷயம். நூறு பேர் ஒரே மாதிரி பொருந்தாமல் உடுத்தினால் அது சீருடையாகிவிடுகிறது. சீருடை என்று வந்துவிட்டால் கடையும் வந்துவிடும்: சந்தா, தொப்பி, ஊசிப்பதக்கம், புத்தகம். மதிய வேளையில் விடுதிக்குப் போய்த் தேநீர் அருந்த ஓய்வும் காசும் உள்ளவர்களின் குறும்பு இது. அறுபது வயதிலும் அடுத்த வீட்டு முதியவரைக் குளிப்பாட்டிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்த மதியம் கிடைக்காது. (ஜோசப்புக்கு ஊதா நிறமே பிடிக்காதாம்!)

ஆனாலும் இவர்களைப் பார்த்து எளிதில் சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். தனியாக ஒரு கிழவி அப்படி நடந்தால் தெரு அவளைப் பைத்தியம் என்னும். பத்துப் பேர் நடந்தால் வழிவிடும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணைப் பார்வையிலிருந்து அழித்துவிடும் சமூகத்தில் கண்ணில் உறுத்துவது சின்னக் காரியமல்ல. அதைவிட எனக்குப் பிடித்தது, இந்தச் சங்கம் நிதி திரட்டுவதற்கோ சேவைக்கோ கூட்டப்படவில்லை என்பது. பெண்கள் கூடினால் அதில் யாருக்காவது நன்மை விளைய வேண்டும் என்று எதிர்பார்த்தே பழகிவிட்டோம். வாழ்நாள் முழுக்கப் பிறருக்குப் பயன்பட்டவர்கள் ஒரு மதியம் எதற்கும் பயன்படாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கனடாவின் விக்டோரியா நகரில் 1987 வாக்கில் உருவான 'சீறும் பாட்டிகள்' இதே விளையாட்டை வேறுவிதமாக ஆடினார்கள். விசித்திரத் தொப்பி வைத்துக்கொண்டு, தெரிந்த மெட்டில் கேலிப் பாட்டுக் கட்டி, அணு ஆயுதக் கப்பல்களை எதிர்த்தார்கள். அவர்களைப் புகழ்வதற்காக இவர்களை மட்டந்தட்டத் தேவையில்லை. ஆனால் 'ராஜமாதா' பட்டத்தைப் பார்க்கும்போது, விளையாட்டிலும் கிரீடத்தைத் தவிர வேறொன்று தோன்றவில்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு விதி. ஐம்பது வயது ஆகாத உறுப்பினருக்குச் சிவப்புத் தொப்பி கிடையாது. வெளிர் ஊதா உடையும் இளஞ்சிவப்புத் தொப்பியும்தான். கவிதையில் அந்தப் பெண், இப்போதே கொஞ்சம் பழகிப் பார்க்கலாமோ என்று யோசிக்கிறாள். சங்கத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரி இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.