இலை திருப்பித்தரும் சிவப்பு

பசலைக்கீரையைக் கசக்கிச் சுத்தமான சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டி, அந்தப் பச்சைத் திரவத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, இருட்டறையில் வெயிலின் ஒற்றைக் கிரணத்தை அதனூடே செலுத்திப் பார்ப்பவர், ஒளிக்கு எதிரே நின்றால் மரகதப் பச்சையையும், பக்கவாட்டில் நின்றால் மாணிக்கச் சிவப்பையும் காண்பார். 1834-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் லாரல் இலைகளின் சாற்றில் கண்டது இந்தக் காட்சியைத்தான். அந்தச் சிவப்பு பச்சையம் தானே உமிழ்வது என்றும், உட்கொண்ட ஒளியைக் காட்டிலும் நீண்ட அலையுடையது என்றும் 1852-இல் விளக்கி, இவ்வகை ஒளிர்வுக்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயர் சூட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டோக்ஸ். நம்முடைய பௌதிகப் பாடப்புத்தகங்கள் இதை உடனொளிர்தல் என்கின்றன. ஒளி விழுந்தபின் ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்குக்குள் நிகழ்ந்து முடிந்துவிடும் ஒன்றுக்கு ‘உடன்’ என்ற அடைமொழி பொருத்தமானதே.

உயிருள்ள இலையில் இந்தச் சிவப்பு சாதாரணமாக நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சூரியப் பிரகாசத்தில் அது மூழ்கிப்போவது ஒரு காரணம். அதனினும் முக்கியமான காரணம், கரைசலில் இருக்கும்போது விழுங்கிய ஒளியில் நூற்றுக்கு முப்பது பங்களவு ஒளியாகவே திருப்பித்தரும் பச்சையம், இலைக்குள் இருக்கும்போது ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தருவதில்லை என்பது. மற்றதெல்லாம் எங்கே போகிறது? ஒரு கண்மாய்க்கு மூன்று மடைகள் இருப்பதாகக் கொள்வோம். நீரைப் பிளந்து எலெக்ட்ரானை நகர்த்தும் ரசாயனக் காரியத்துக்கு ஒரு மடை. உஷ்ணமாகக் கழிந்துபோவதற்கு ஒரு மடை. உடனொளிர்தல் மூன்றாவது மடை. மூன்றிலும் சிறியது அதுதான். ஆயினும் இலையைத் தொடாமல், கிள்ளாமல், வெளியே நின்றபடி எளிதாக அளக்கக்கூடியதும் அது ஒன்றுதான். ஒளிச்சேர்க்கையை ஆராய அதைக் கருவியாகக் கொள்ளும் முறையின் பெருமையும் அதன் சங்கடமும் இந்த ஒரே சந்தர்ப்பத்திலிருந்துதான் பிறக்கின்றன.

1931-இல் ஹைடல்பர்க் நகரில் ஹான்ஸ் கௌட்ஸ்கியும் ஹிர்ஷ் என்பவரும், இருட்டில் வைத்திருந்த இலையின்மீது திடீரென ஒளியைப் பாய்ச்சி, வெறுங்கண்ணாலேயே நோக்கி, அதன் சிவப்பொளிர்வு சட்டென உயர்ந்து பின்பு சில நிமிஷங்களில் மெல்லத் தணிவதைக் கண்டார்கள். தணியும் வேகமும், இலை கரியமிலவாயுவை ஏற்கத் தொடங்கும் வேகமும் எதிரெதிராக ஒத்துப்போவதை அவர்கள் குறித்தது ஒரு பக்கத்துக்கு மேற்படாத சிறு கட்டுரையில். இன்றைக்கு இந்தத் துறையில் வெளியாகும் கட்டுரைகளின் பருமனை நோக்கும்போது, அந்த ஒரு பக்கத்தின்மேல் நமக்கு ஒருவித ஏக்கமே உண்டாகிறது.

நம்முடைய தர்க்க சாஸ்திரிகள் அனுமானத்துக்கு எடுத்தாளும் பழைய உதாரணம் மலைமேற் புகை. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்று சொல்லலாம். ஆனால் நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்று சொல்லக்கூடாது, ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகைக்குச் செல்ல ஈர விறகின் சேர்க்கை என்ற உபாதி வேண்டும் என்று அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ‘ஒளிர்வு குறைந்தது, ஆகவே ஒளிச்சேர்க்கை மிகுந்தது’ என்ற வாக்கியத்திலும் இப்படி ஓர் உபாதி ஒளிந்திருக்கிறது: இடையில் உஷ்ண மடையின் அளவு மாறாதிருக்க வேண்டும். அது மாறுமானால், ரசாயனக் காரியம் சிறிதும் வளராமலே ஒளிர்வு குறையலாம். 1940-இல் மக்அலிஸ்டரும் மையர்ஸும் ஒளிர்வையும் கரியமிலவாயுவின் ஏற்பையும் ஒரே சமயத்தில் அளந்தபோது, இரண்டும் எதிரெதிராகச் செல்லும் வேளைகளோடு, சேர்ந்தே ஏறி இறங்கும் வேளைகளும் இருப்பதைக் கண்டார்கள். அனுமானத்துக்கு வேண்டிய வியாப்தி, அதாவது மாறாத சேர்க்கை, இங்கே போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்த உபாயம், என் மதிப்பில், பரிசோதனை விஞ்ஞானத்தின் அழகான தந்திரங்களில் ஒன்று. 1963-இல் லைடன் நகரின் டைசன்ஸும் ஸ்வேர்ஸும், நீரைப் பிளக்கும் இரண்டாம் ஒளியமைப்பிலிருந்து எலெக்ட்ரானை முதலில் வாங்கிக்கொள்ளும் பொருள் வெறுமையாக இருந்தால் ஒளிர்வு அடங்குகிறது, நிறைந்திருந்தால் ஓங்குகிறது என்று காட்டினார்கள். அப்படியானால், ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் இலையின்மீது கண்கூசும் பேரொளி ஒன்றைத் தெறிக்கவிட்டால், வாங்குவோரெல்லாம் நிறைந்து, ரசாயன மடை முழுவதும் அடைபட்டுவிடும்; அவ்வளவு சொற்பப் பொழுதில் உஷ்ண மடை தன் அளவை மாற்றிக்கொள்ள அவகாசம் பெறாது; ஆகவே அத்தெறிப்புக்கு முன்னிருந்த ஒளிர்வுக்கும் அதன் உச்சத்தில் எழுந்த ஒளிர்வுக்கும் உள்ள வித்தியாசம் ரசாயன மடையின் பங்கைச் சொல்லும்; ஓர் உச்சத்துக்கும் மறு உச்சத்துக்கும் இடையே காணும் தாழ்வோ உஷ்ண மடையின் வளர்ச்சியைச் சொல்லும். கண்மாயின் ஒரு மடையை நொடிநேரம் அடைத்துப் பார்த்து மற்ற மடைகளின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் நீர்க்கட்டியின் யுக்தி இது.

இந்த யுக்தியை வெயிலிலும் கையாளும்படி செய்தது 1986-இல் ஜெர்மனியின் உல்ரிக் ஷ்ரைபரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட பாம் என்ற கருவி. அதன் அளக்கும் ஒளி மிக வேகமாகத் துடித்துக்கொண்டிருக்க, அந்தத் துடிப்போடு தாளம் தப்பாமல் வரும் சிவப்பை மட்டும் கருவி கணக்கிலெடுத்து, சூரியன் தரும் மற்ற ஒளியையெல்லாம் ஒதுக்கிவிடும். மூன்று ஆண்டுகள் கழித்து ஜான்டி, பிரியாந்தே, பேக்கர் ஆகிய மூவரும் கணக்கை ஒரே பின்னமாகச் சுருக்கினார்கள்: உச்ச ஒளிர்விலிருந்து நிலவும் ஒளிர்வைக் கழித்து, மீதியை உச்சத்தால் வகுத்தால் இரண்டாம் ஒளியமைப்பின் திறன் கிடைக்கும். வெயிலில் நிற்கும் இலையின் ஒளிர்வு 600, தெறிப்பில் உச்சம் 1000 என்றால் திறன் 0.4. இருட்டில் இளைப்பாறிய இலைக்கும் இதே கணக்குத்தான்; அடிமட்டம் 200, உச்சம் 1200 என்றால் 0.83. பியோர்க்மனும் டெமிக்கும் 1987-இல் பலவகைத் தாவரங்களை அளந்தபோது, நலமான இலைகள் பெரும்பாலும் இந்த 0.83-ஐ ஒட்டியே நின்றன.

இம்முறையால் விளைந்த நன்மைகளில் ஒன்றிரண்டையாவது சொல்லாமல் குறைகளுக்குத் தாவுவது நியாயமன்று. ஆயிரக்கணக்கான நாற்றுக்களை ஒரு தட்டில் பரப்பி அவற்றின் ஒளிர்வைப் படமெடுத்து, உஷ்ண மடையைத் திறக்கத் தெரியாத பிறழ்வுச் செடிகளை மட்டும் பொறுக்கியெடுப்பது 1990-களில் சாத்தியமாயிற்று. அந்தப் பிறழ்வுகளிலிருந்துதான் உஷ்ண மடையின் பூட்டும் சாவியும் எவை என்பது புலனாயிற்று. அந்த ஞானத்தைக் கொண்டு, மேகம் மறைத்ததும் அம்மடையை விரைவாக மூடும்படி புகையிலைச் செடியைத் திருத்திய இல்லினாய் ஆராய்ச்சியாளர்கள், 2016-இல் வயலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதிக விளைச்சலைக் கண்டதாக அறிவித்தார்கள். கடலிலும் அப்படியே. 1993-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே பசிபிக் நீரில் சிறிது இரும்பைக் கலந்தபோது, மிதவைத் தாவரங்களின் ஒளித்திறன் உயர்ந்ததை ஒளிர்வுக் கருவி உடனுக்குடன் காட்டியது. அங்கே உயிர்களுக்குப் பற்றாக்குறை இரும்பே என்ற வாதத்துக்கு அது பிரத்யட்சத்துக்கு அடுத்தபடியான பிரமாணம். இவ்விரண்டிலும் வாசகர் ஒன்றைக் கவனித்திருப்பார்: செடியைச் செடியோடும், இன்றைய நீரை நேற்றைய நீரோடும் ஒப்பிட்டார்களே தவிர, ஒளிர்விலிருந்து இத்தனை மாவு, இத்தனை சர்க்கரை என்று எவரும் விலை கூறவில்லை.

விலை கூறத் தொடங்கும்போதுதான் தொல்லை. 0.4 என்ற திறனை வெயிலின் அளவால் பெருக்கி, எலெக்ட்ரான் ஓட்டத்தின் வேகம் என்று கருவி தன் சிறு திரையில் எழுதிக்காட்டுகிறது. ஆனால் அதற்கு இன்னும் இரண்டு எண்கள் தேவை. விழுந்த ஒளியில் இலை எவ்வளவு கிரகித்தது என்பது ஒன்று, கிரகித்ததில் இரண்டாம் ஒளியமைப்புக்கு எவ்வளவு போயிற்று என்பது மற்றொன்று. இவற்றை அளக்கச் சோம்பி, 0.84 என்றும் 0.5 என்றும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வெயிலின் அளவு 1000 என்றால் விடை 168. வெளிறிய இளந்தளிர் 0.6 பங்கு ஒளியையே கிரகிக்கிறது என்று கொண்டால் உண்மை விடை 120. கருவி காட்டியதோ அதற்கு மேல் நூற்றுக்கு நாற்பது. அளக்கப்படாத இரண்டு எண்களின் தோள்மீது ஏறி நிற்கும் ஒரு விடையை மூன்றாவது தசம ஸ்தானம் வரை அச்சிட்டு, அதன்மேல் புள்ளியியல் நட்சத்திரங்களையும் சூட்டிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர்களின் தைரியம் என்னை வியக்கவைப்பதுண்டு.

எலெக்ட்ரான் ஓட்டம் சரியாகவே கிடைத்தாலும், அந்த எலெக்ட்ரான்கள் கரியமிலவாயுவைத்தான் தொட்டன என்பதற்கு என்ன உறுதி? மக்காச்சோளத்தில், கரியமிலவாயுவைச் சேர்க்காமல் எலெக்ட்ரானைச் செலவழிக்கும் ஒளிச்சுவாசம் அடங்கியிருப்பதால், ஒளிர்விலிருந்து பெற்ற திறனும் கரியமில ஏற்பின் திறனும் நேர்கோட்டில் ஒட்டிச் செல்வதை எட்வர்ட்ஸும் பேக்கரும் 1993-இல் காட்டினார்கள். அங்கே வியாப்தி உண்டு. நெல்லிலும் கோதுமையிலும் அப்படியில்லை. வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொண்டு கரியமிலவாயு உள்ளே வரமுடியாதபோது, எலெக்ட்ரான்களில் பெரும்பகுதி ஒளிச்சுவாசத்தின் பக்கம் திரும்பும். சிறிது ஆக்ஸிஜனைத் தொடும். விளைச்சல் விழுந்துகொண்டிருக்க ஓட்டம் மட்டும் நன்றாகவே நடக்கும். இருட்டில் எடுக்கும் 0.83-ஓ மிதமான வறட்சியைக் கண்டு அசைவதே இல்லை; பயிர் வாடி மடியத் தொடங்கிய பிறகுதான் அது சரிகிறது. வறட்சியைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரே எண்ணை நம்பியிருப்பது, வீடு எரிந்து முடிந்த பின் கூவும் காவற்காரனை நம்புவதாகும்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது உண்மைதான், பானை முழுவதும் சமமாக வெந்திருந்தால். நீல நிற அளவொளி இலையின் மேற்பரப்பை ஒட்டிய செல்களுக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. ஆழத்திலிருந்து எழும் 685 நானோமீட்டர்ச் சிவப்பையோ வழியிலுள்ள பச்சையமே திரும்ப விழுங்கிவிடுகிறது. ஆகவே கருவி எடுப்பது பானையின் மேற்சோறு. உச்சிவெயிலில் முதலில் களைப்பதும் அதே மேற்பரப்புத்தான். கீழே நிழலில் இருக்கும் செல்கள் சுகமாக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

பாசிகளின் விஷயம் இன்னும் சிக்கலானது. நீலப்பசும்பாசியில் பச்சையத்தின் பெரும்பங்கு முதலாம் ஒளியமைப்பைச் சேர்ந்தது, அது மங்கலாகவே ஒளிரும். போதாததற்கு அதன் நீல, சிவப்பு நிறமிகள் வேறு தம் ஒளியைக் கலந்துவிடுகின்றன. இருட்டிலும் சுவாசத்தின் எலெக்ட்ரான்கள் அதே பாதையில் நடமாடுவதால், இருட்டிலிருந்த பாசி உண்மையில் இளைப்பாறிய பாசியன்று. பூரண நலத்தோடு இருக்கும்போதே அது 0.83-ஐ எட்டாது. பசலை இலைக்கு விதித்த அளவுகோலை ஏரியின் பச்சைநீருக்கு அப்படியே கொண்டுபோய், பாசி நோயுற்றது என்று தீர்ப்பு வழங்குவது, மீனைத் தரையில் ஓடவிட்டு நொண்டி என்பது போன்றது. கடலிலும் பகலில் மேல்நீரின் ஒளிர்வு தாழ்ந்து காணப்படுவது உஷ்ண மடை திறந்ததால், உயிர்கள் குறைந்ததாலன்று. இரவில் அளப்பவர்கள் இந்தப் பிழையிலிருந்து தப்பிக்கிறார்கள்.

2011 முதல் விண்கலங்களிலிருந்தும் இந்தச் சிவப்பை அளக்கிறார்கள். சூரிய நிறமாலையின் இருண்ட கோடுகளுக்குள் இலையின் ஒளிர்வு சேர்க்கும் நுண்ணிய பிரகாசத்தைப் பிரித்தெடுக்கும் அந்தச் சாதுரியம் பாராட்டத்தக்கது. கோடைகாலத்தில் அமெரிக்க மக்காச்சோள வயல்கள் உலகிலேயே பிரகாசமாக ஒளிர்வதைக் காட்டியதும் அதுவே. எனினும் ஒளிர்வும் விளைச்சலும் சேர்ந்து உயர்வதில் கணிசமான பகுதி, இரண்டும் கிரகித்த ஒளியின் அளவைப் பின்பற்றுவதால் விளைவது. அந்தப் பொதுப்பங்கைக் கழித்த பிறகு எஞ்சுவது எவ்வளவு என்ற கேள்விக்கு விடை, காட்டுக்குக் காடு, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

அஸ்திவாரத்திலும் ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு மின்னல்வேகத் தெறிப்பால் எல்லா வாங்குவோரையும் நிரப்பினாலும், ஒளிர்வு தன் முழு உச்சத்தை எட்டுவதில்லை. மீதி உயரத்துக்கு வேறொரு காரணம் இருக்கவேண்டும். அது என்ன என்பதில் நிபுணர்கள் உடன்படவில்லை. அந்த உச்சத்தின்மேல்தான் மேலே சொன்ன பின்னங்கள் யாவும் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பயன்படுத்துவோரில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

வடநாட்டுப் பனிக்காலத்தில் நிற்கும் பைன் மரத்தின் ஊசியிலையை இருட்டில் வைத்து அளந்தால் 0.4 வரும், சில சமயம் அதற்கும் கீழே வரும். எண்ணை மட்டும் கண்டவர் மரம் சாகக் கிடக்கிறது என்பார். உண்மையில் உறைபனியில் உபயோகப்படுத்த முடியாத வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, மரம் உஷ்ண மடையை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கிளையை ஒடித்துக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்து மங்கலான ஒளியில் நீரில் நிறுத்தி, நாளுக்கு ஒருமுறை கருவியைக் கவ்வவைத்துப் பார்ப்பவர்களின் ஏட்டில், எண் நாளுக்கு நாள் மேலே ஏறுகிறது.