தக்கை பிடுங்கும் கலை

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஆத்தூர் சாலையில் வாழப்பாடிப் பக்கம் போகிறவர்கள், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை எங்கே இருக்கிறது என்று பெயர்ப்பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புளித்த வாடை முன்னாலேயே வந்து சொல்லிவிடும். பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு அந்த வாடை பழகிவிட்டது. அதற்குக் காரணம் ஜவ்வரிசிப் பாயசம் அல்ல; உள்ளே நடக்கிற காரியம். மண்ணும் தோலும் நாரும் மாவும் தண்ணீரும் ஒன்றாகக் குழம்பி வருவதை, ஒவ்வொன்றாக அதனதன் வழியில் அனுப்பி வைக்கிற வேலை அது. திரவத்தைப் பிரிக்கிற கருவிகளை ரசிக்கத் தெரிந்தவனுக்குச் சேலத்துச் சேகோ ஆலை ஒரு கச்சேரி மேடை.

இந்த வகைக் கருவிகளைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. கனமானது தானாக இறங்கும், லேசானது தானாக மேலே நிற்கும். அதைச் செய்துகொள்ள அவற்றுக்கு நம் உதவி வேண்டாம். கருவி செய்கிறவன் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியது வாசலைப் பற்றித்தான்: எங்கே வைப்பது, எவ்வளவு அகலம், எப்போது திறப்பது. அரைக்கிற கருவியின் அழகு பல்லில் இருக்கிறது. பிரிக்கிற கருவியின் அழகு முழுக்க வாசலில் இருக்கிறது.

ஆலைக்குள் நுழையும் முன்பே முதல் தரிசனம் கிடைத்துவிடும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு வந்து நின்றதும் அதிலிருந்து மாதிரி எடுத்து எடை போடுகிறார்கள். பிறகு அதே கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் எடை போடுகிறார்கள். முள் காட்டுகிற அளவுக்குப் ‘பாயிண்ட்’ என்று பெயர். இந்தப் பாயிண்டை வைத்துத்தான் விலை. விஷயம் எளிது. மாவின் அடர்த்தி தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. மாவு கூடுதலாக உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை காட்டும். நீர்ச்சத்து மிகுந்த கிழங்கு தண்ணீருக்குள் போனதும் எடையைத் தொலைத்துவிட்டு நிற்கும். கிழங்கை வெட்டாமல், அரைக்காமல், ரசாயனம் எதுவும் சேர்க்காமல், உள்ளே எவ்வளவு மாவு என்று ஒரு தராசும் ஒரு தொட்டித் தண்ணீரும் சொல்லிவிடுகின்றன. ஆர்க்கிமிடீஸ் பார்த்திருந்தால் தன் பங்குக்குக் கமிஷன் கேட்டிருப்பார். பாயிண்ட் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று விவசாயிகள் போடும் சண்டை வருஷா வருஷம் நடப்பது. அதற்கு முள்ளைக் குறை சொல்லிப் பயனில்லை.

கழுவுவதும் தோல் உரிப்பதும் முரட்டு வேலை, கடந்துவிடலாம். அடுத்தது அரவை. அந்தக் காலத்து அரவை உருளையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். மர உருளையின் மேல் தகரம் சுற்றியிருந்தது. தகரத்தில் ஆணியால் உள்ளிருந்து வெளியே நெருக்கமாகக் குத்திய துளைகள், ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் கிழிந்து நிமிர்ந்த பிசிறு. தேங்காய்த் துருவியைச் சுருட்டி மோட்டாரில் மாட்டியதுபோல இருந்தது. இன்று ரம்பப் பல் வைத்த பிளேடுகளை வரிசையாகச் செருகிய இரும்பு உருளைகள் வந்துவிட்டன. வேலை ஒன்றுதான்: கிழங்கின் ஒவ்வொரு செல்லையும் கிழித்து உள்ளே அடைபட்டிருக்கும் மாவுத் துகளை வெளியே விடுவது. பிறகு அந்தக் கூழ், குலுங்குகிற சல்லடைகளில் விழும். மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும். நாரும் சக்கையும் மேலே தங்கி நகர்ந்து ஓரம் போய் விழும். அதற்குத் திப்பி என்று பெயர். கீழே இறங்குவது பால். நிஜமாகவே பால்போல வெள்ளை வெளேர் என்றிருக்கும். புதிதாகப் பார்க்கிற பிள்ளைகள் குடிக்கலாமா என்று கேட்பார்கள்.

இந்தப் பால் தொட்டிக்கு வந்து சேர்ந்த பிறகு ஆலையில் யாரும் அதைத் தொடுவதில்லை. இந்தச் சும்மா இருத்தல்தான் எனக்குப் பிடித்த கட்டம். மரவள்ளி மாவுத் துகளின் அளவு பெரும்பாலும் 5 மைக்ரானிலிருந்து 35 மைக்ரான் வரை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கண்டு சொன்ன விதியின்படி, துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். நம் ஊர்ச் சூட்டுத் தண்ணீரில் தனியே விடப்பட்ட 15 மைக்ரான் துகள் மணிக்குச் சுமார் கால் மீட்டர் இறங்கும். 30 மைக்ரான் துகள் அதே ஒரு மணியில் ஒரு மீட்டர் ஆழத்தைத் தொட்டுவிடும். 5 மைக்ரான் பொடிசு மூன்று சென்டிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. கெட்டியான பாலில் துகள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால் எல்லாமே இன்னும் மெதுவாகும். இடுப்பளவு ஆழத் தொட்டிக்கு ஆறு, எட்டு மணி நேரம் விடுகிற வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. அதை வகுத்த ஆலைக்காரர்களில் ஸ்டோக்ஸ் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

தொட்டிச் சுவரைப் பாருங்கள். மேலிருந்து கீழாக, ஒன்றுக்கு ஒன்று தாழ்வாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் துணி சுற்றிய தக்கை. பால் படிந்ததும் மேல் தக்கையை முதலில் பிடுங்குகிறார்கள். தெளிந்த நீர் ஒழுகி, அந்த மட்டத்துக்கு வந்து நிற்கும். பிறகு அடுத்த தக்கை. அவசரப்பட்டுக் கீழ்த் தக்கையில் கை வைத்தால் ஓட்டத்தின் இழுப்பில் படிந்த மாவு கிளம்பி வெளியேறிவிடும். தயங்கித் தயங்கித் தாமதித்தால் புளிப்பு ஏறி மாவின் நிறம் கெடும். ஓடுகிற நீரின் நிறத்தைப் பார்த்து, இதற்கு மேல் போதும் என்று நிறுத்தத் தெரிந்த கைக்கு ஆலையில் தனி மதிப்பு. நீர் போன பிறகு மேலே மஞ்சள் கலந்த பழுப்பாக ஒரு படலம் நிற்கும். நுண்ணிய நாரும் பிற அழுக்கும் இறங்கத் தாமதித்த பொடி மாவும் சேர்ந்தது. அதை வழித்தெடுத்து ஒதுக்கினால் அடியில் சுண்ணாம்புத் தரைபோல மாவு. அதன் குணம் விசித்திரமானது. ஈரம் சற்று மிகுந்த இடத்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கல். பிடியைத் தளர்த்தினால் விரலிடுக்கில் ஒழுகும். வேகமாக ஓங்கிய மண்வெட்டியை எதிர்க்கும், மெல்ல அழுத்தினால் வழிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் நாள் தோள்பட்டை வலியோடு வீடு திரும்புவது இதனால்தான்.

உயரத்துக்கு ஒரு வாசல் என்ற இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ஏரிகளின் உட்புறத்தில் நிற்கும் குமிழித் தூம்பைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். கல் தொட்டியின் மேல்மூடியில் பெரிய துளை, அதை அடைக்க ஒரு கல் குமிழி, அது நீரோடி. அடியில், ஏரித் தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. குமிழியைத் தூக்கினால் மேல் துளை வழியே நீர் பாய்கிற அதே நேரத்தில் கீழ்த் துளைகள் சேற்றை இழுத்து அனுப்பும். வயலுக்கு நீரும் போயிற்று, வண்டலும் போயிற்று, ஏரியும் தூர்ந்துபோகாமல் தப்பித்தது. சேகோத் தொட்டி இதன் மறுதலை: இங்கே வண்டல்தான் பொருள், நீர்தான் கழிவு. ஒன்றைப் பார்த்து மற்றதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த ஊர்க்காரர்களுக்குத் துளையின் உயரம் முக்கியம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

சேகோத் தொழில் இங்கே வந்த கதையும் ஒரு கைவினைக் கதைதான். இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோன சமயம். மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார் அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். பினாங்கிலிருந்து வந்த போபட்லாலுக்கு அந்த மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் வித்தை தெரியும். 1943இல் இருவரும் கைக்குக் கிடைத்த சாமான்களை வைத்து ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே பஞ்சம். உணவுக் கிழங்கை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று கலெக்டர் தடை போட, உற்பத்தியாளர்கள் சங்கம் சேர்ந்து முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டார்கள். இந்த இடத்தில் என் நாயகன் வருகிறார்: எம். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக். செய்முறையையும் இயந்திரங்களையும் அவர் திருத்தி அமைத்ததில், நாளுக்கு நூறு கிலோ மூட்டை இரண்டு என்றிருந்த உற்பத்தி இருபத்தைந்து மூட்டைக்குப் போனது. 1981இல் பதிவாகி அடுத்த ஆண்டு வேலை தொடங்கிய கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ், தொழிலின் வரலாற்றைச் சொல்லும்போது முதலீடு போட்டவர்களோடு இந்த மெக்கானிக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. நம் ஊர்த் தொழில் வரலாறுகளில் இது அபூர்வம். கிணற்றுக்கு மோட்டார் மாட்டுகிற, கரும்புச் செக்கைச் சரிசெய்கிற பட்டறைகளிலிருந்துதான் இந்த வட்டாரத்தின் பெரும்பாலான திருத்தங்கள் வந்திருக்கின்றன. வரைபடம் இல்லாமல், காப்புரிமை இல்லாமல், பக்கத்து ஆலைக்காரன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அங்கேயும் முளைத்துவிடுகிற திருத்தங்கள்.

தொட்டியின் பொறுமையை வேகத்தால் வென்றவர்களும் உண்டு. 1878இல் ஸ்வீடனின் குஸ்டாஃப் தெ லாவால் பாலைச் சுழற்றி ஆடையைப் பிரித்தெடுத்தார். பூமி இழுக்கிற இழுப்பு போதாதென்றால் சுழற்சியால் பல்லாயிரம் மடங்கு இழுப்பை உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது யோசனை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பெக்டோல்ஸ்ஹைம் என்ற ஜெர்மானியரின் கூம்புத் தட்டு அடுக்கு யோசனையை விலைக்கு வாங்கி உள்ளே வைத்ததும் இயந்திரத்தின் திறன் எங்கேயோ போய்விட்டது. தட்டுகள் மிக நெருக்கமாக இருப்பதால் கொழுப்புத் துளி பயணிக்க வேண்டிய தூரம் மயிரிழைகளின் கணக்குக்கு வந்துவிடுகிறது.

ஆனாலும் என் மனத்தைக் கவர்ந்தது ஹைட்ரோசைக்ளோன் என்கிற சாது. சேலம் பக்கத்துப் பெரிய ஸ்டார்ச் ஆலைகள் சிலவற்றில் பார்க்கலாம். 1891இலேயே காப்புரிமை பெற்ற கருவி. சுழல்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. ஸ்டார்ச்சுக்குப் பயன்படுவது விரல் நீளத்தில் ஒரு வெற்றுக் கூம்பு; தலைப்பக்கத்தின் உள்விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர். பக்கவாட்டில் சுவரை உரசியபடி ஒரு நுழைவாசல். பாலை அழுத்தத்தோடு அதில் செலுத்தினால், நேராகப் போக இடமில்லாமல் அது சுவரோரமாகச் சுழல ஆரம்பிக்கும். கனத்த மாவு சுவரை ஒட்டிக்கொண்டே கூம்பின் நுனியை நோக்கி இறங்கும். நுனி வாசல் மிகக் குறுகியது. எல்லாம் அதில் போக முடியாது. மிஞ்சிய லேசான நீர் திரும்பி, நடுவே இன்னொரு சுழலாக மேலேறி, மேல் வாசல் வழியே போய்விடும். கீழே இறங்கும் சுழலுக்குள் மேலே ஏறும் சுழல், இரண்டும் ஒரே திசையில் சுற்றியபடி! நுனித் துளை அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பிரிவு மாறிவிடும். தொட்டியில் மணிக்கணக்காக நடப்பது இங்கே நொடியில் முடிகிறது. ஒரு கூம்பு கொஞ்சம்தான் கையாளும் என்பதால் அவற்றைக் கூட்டம் கூட்டமாக ஒரு கலனில் அடுக்குகிறார்கள். விரைவாக முடிவதால் புளிக்க நேரமில்லை, வாடையும் குறைவு. கலனுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது மட்டும் என் மனக்குறை. தொட்டி தன் வித்தையை ஒளிக்காது.

இங்கே ஒரு முணுமுணுப்பையும் சேர்த்துவிடுகிறேன். நன்றாகப் படிந்து நன்றாகக் கழுவிய மாவுக்கு இயல்பான வெள்ளை ஒன்று உண்டு, சற்றே மங்கலானது. சந்தை அதற்கு மேல் பளபளப்பைக் கேட்டது. கேட்டவுடன் சிலர் ரசாயனத் தொட்டியைத் திறந்தார்கள். பிரிப்பதில் விட்ட குறையை வெளுப்பதில் மூடுவது, சுருதி சேராத பாட்டுக்கு ஒலிபெருக்கியைக் கூட்டி வைப்பதற்குச் சமம். ரசிகன் கடையில் ஜவ்வரிசி வாங்கும்போது கண்ணைப் பறிக்கிற வெள்ளையைக் கண்டால் ஒருமுறை யோசிக்கட்டும்.

தொட்டியை விட்டு வெளியேறும் நீருக்கும் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் அது ஓடைக்கும் வயலுக்கும் போய்க் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது. இப்போது பல ஆலைகளில் அதை மூடிய கலனில் தேக்கி, கிருமிகளிடம் ஒப்படைத்து, எரிவாயுவாக்கிக்கொள்கிறார்கள். கலனுக்கு மூன்று வாசல்: உச்சியில் வாயு, நடுவில் நீர், அடியில் கசடு. துளையின் உயரம் இங்கேயும் பேசுகிறது.

இத்தனை வாசல் வைத்தும் பிடிபடாத ஒன்று திப்பி. காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் இன்னும் மாவுதான் என்று கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். கிழியாத செல்லுக்குள் மாட்டிக்கொண்ட மாவு அது. அரவையின் பல்லை இன்னும் நெருக்கி வைத்தால் என்ன என்று தோன்றும். வைத்தால் செல் கிழியும், கூடவே நாரும் பொடியாகிச் சல்லடைக் கண் வழியே பாலோடு இறங்கிவிடும். தொட்டியில் அந்த மஞ்சள் படலம் தடிக்கும். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் அது அடைத்துக்கொள்ளும். இரண்டாம் அரவை வைக்கிறார்கள், இன்னொரு சல்லடை சேர்க்கிறார்கள், கூடுதல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தெளித்த தண்ணீரை மறுபடி பிரிக்க வேண்டும். எந்த அளவில் நிறுத்துவது என்பதை ஆலைக்கு ஆலை வேறாக வைத்திருக்கிறார்கள். திப்பியை மாட்டுத் தீவனத்துக்கு வாங்கிப் போகிறவர்கள் இதைப் பற்றி இதுவரை புகார் சொன்னதாகத் தெரியவில்லை.