இரண்டாவது கார் ஹெரால்டா?

‘வீட்ல ஒரு மாருதி இருக்கு. ரெண்டாவதா பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கலாமா சார்?’ என்கிறார் நண்பர்.

தாராளமாக. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்து, 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு முன்பக்கம் மொத்தமும் எழுந்து நிற்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளுக்கென்றே செய்தது மாதிரி!

குறை, பின்பக்க ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி நிலைதடுமாறும். 1972-ல் வந்த கேஸலில் இதைச் சரிசெய்தார்கள் (அழகையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள்). 948 சி.சி. இன்ஜினை ஈ.சி.ஆரில் விரட்டாதவருக்குப் பயமில்லை.

எனக்குப் பயம் வேறு. 50 வயது தாண்டியதால் ‘விண்டேஜ்னு பதிவு பண்ணிடுங்க, கௌரவம்’ என்பார்கள். 2021 விதிப்படி அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர்... அவ்வளவுதான். காய்கறி வாங்கப் போக முடியாதென்றால் அது காரா, கொலு பொம்மையா? சாதா ஆர்.சி.யையே ஐந்து வருஷத்துக்கொரு தரம் புதுப்பியுங்கள். 2025-ல் இதற்கான கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். வலிக்கும்தான். ஆனால், பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.