நேர்கோடு நேராக இருந்தால் போதுமா?

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. ஆனால் எந்தக் கருவியும் மைக்ரோகிராமை நேரடியாக அளப்பதில்லை. ஐசிபி-எம்எஸ் கருவி நொடிக்கு எத்தனை அயனிகள் வந்து விழுந்தன என்று எண்ணுகிறது. அணு உறிஞ்சல் கருவி எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று காட்டுகிறது. அதைச் செறிவாக மாற்றித் தருவது கேலிபரேஷன். செறிவு தெரிந்த திட்டக் கரைசல்கள் ஐந்தாறைக் கருவியில் ஓட்டி, கிடைக்கும் புள்ளிகளுக்கு ஒரு கோடு பொருத்தி, மாதிரியின் செறிவை அதிலிருந்து படிக்கிறோம். அந்தக் கோடு சரிதானா என்று சொல்ல நம் ஆய்வகங்களில் பரவலாக நம்பப்படுவது, புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் என்ற ஒற்றை எண். 0.999 வந்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். இந்த நம்பிக்கை தவறானது, சில இடங்களில் ஆபத்தானதும்கூட.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஈயத்துக்கு 1, 5, 10, 50, 100, 500 மைக்ரோகிராம் என ஆறு கரைசல்கள். கருவி செறிவுக்குச் சரியான விகிதத்தில் சமிக்ஞை தருகிறது. 500 கரைசலைத் தயாரிக்கும்போது மட்டும் பிப்பெட்டில் சிறு பிசகு. அதில் உண்மையில் இருப்பது 490. இரண்டே விழுக்காடு. வழக்கமான மீச்சிறு வர்க்க முறையில் கோடு பொருத்தினால் ஆர்-ஸ்கொயர் 0.99998. ஆனால் அதே கோட்டில் 1 மைக்ரோகிராம் கரைசலைத் திருப்பிப் படித்தால் 0.39 என்று வருகிறது. பாதிக்கு மேல் காணோம். 10 கரைசல் 9.58 ஆகிறது. பிசகிய 500 கரைசலோ 499.7 என்று படிக்கப்பட்டுக் குற்றமற்றதுபோல நிற்கிறது. மேலே நடந்த தவறுக்குக் கீழே உள்ள கரைசல்கள் விலை கொடுக்கின்றன.

காரணம் எளிது. மீச்சிறு வர்க்க முறை எல்லாப் புள்ளிகளின் விலகலையும் ஒரே தராசில் நிறுக்கிறது. 500-இல் 10 விலகுவது இரண்டு விழுக்காடு, 1-இல் 0.6 விலகுவது அறுபது விழுக்காடு என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. அதனால் தொலைவில் தனியாக நிற்கும் பெரிய புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. செறிவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடை கொடுத்து இதே ஆறு புள்ளிகளுக்குக் கோடு பொருத்தினால் 1 என்பது 1.00 ஆகவே வருகிறது. 500 என்று பெயரிட்ட கரைசல் 492 என்று படிக்கப்பட்டு, தவறு எங்கே என்று தானே காட்டிக்கொடுக்கிறது. எடை கொடுக்கும் வசதி இன்றைய கருவி மென்பொருளில் பொதுவாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப், ஒரே ஒட்டுறவுக் கெழு (இதன் வர்க்கமே ஆர்-ஸ்கொயர்) கொண்ட நான்கு தரவுத் தொகுப்புகளை வரைபடமாக்கி, அவற்றின் வடிவங்களுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை என்று காட்டினார். மருந்துத் துறை பாடம் கற்றுக்கொண்டது. இரத்தத்தில் மருந்தின் அளவைக் காண்பதற்கான ஐசிஎச் எம்10 வழிகாட்டி, 2022-இல் இறுதி வடிவம் பெற்றது. திட்டக் கரைசல்களைத் திருப்பிப் படிக்கும்போது குறைந்தது 75 விழுக்காடு கரைசல்கள் 15 விழுக்காட்டுக்குள், மிகக் கீழ்மட்டத்தில் 20 விழுக்காட்டுக்குள் வர வேண்டும் என்கிறது அது. அப்படிக் கேட்டிருந்தால் மேலே சொன்ன கோடு முதல் கரைசலிலேயே மாட்டியிருக்கும். நீர், உணவு ஆய்வகங்களும் இதையே கேட்கலாம்.

கோடு சரியாக அமைந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: தூய நீரில் போட்ட கோடு மாதிரிக்குப் பொருந்துமா? மிளகாய்த் தூளில் பூச்சிக்கொல்லி எச்சத்தைத் திரவ நிறச்சாரல் பிரிகையோடு இணைந்த நிறைமாலைமானியில் தேடும்போது, மிளகாயின் நிறமிகளும் கொழுப்பும் கூடவே வந்து அயனியாக்கத்தை அமுக்கிவிடும். கரைப்பானில் போட்ட கோடு அங்கே எச்சத்தைக் குறைத்துக் காட்டும். சுற்றியுள்ள இந்தப் பொருள்களைத்தான் ஆய்வகத்தில் மேட்ரிக்ஸ் என்கிறார்கள்.

மேட்ரிக்ஸை அடக்க முடிகிற இடத்தில், இதுவரை பார்த்ததுபோலத் தனியாகத் தயாரித்த கரைசல்களில் கோடு போடும் வெளித் திட்டக் கரைசல் முறையைப் போலச் சிக்கனமும் வேகமும் உள்ள முறை வேறில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடை மின்முனையால் அளப்பது இதற்கு அழகான சான்று. டைசாப் என்னும் தாங்கல் கரைசலைத் திட்டக் கரைசலிலும் மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கிறோம். அயனி வலிமை சமமாகிறது, பிஹெச் 5-ஐ ஒட்டி நிற்கிறது, அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருந்த ஃபுளோரைடு விடுபடுகிறது. கிணற்றுக்குக் கிணறு மாறும் நீர் கருவியின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. ஆனாலும் இங்கே கோடு மடக்கை அளவில் செல்வதை மறக்கக் கூடாது. 25 டிகிரியில் செறிவு பத்து மடங்கானால் மாறுவது 59 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே செறிவில் 4 விழுக்காடு போய்விடும். 1.50 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பில் நிற்கும் கிணறு 1.56 ஆகத் தெரிய அது போதும்.

மேட்ரிக்ஸை அடக்க முடியாத இடத்தில் திட்டச் சேர்ப்பு முறை வருகிறது. மாதிரியிலேயே தெரிந்த அளவுகளைச் சேர்த்து, சமிக்ஞை ஏறும் வேகத்தை அந்த மாதிரியிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். கருத்தளவில் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஒரு மாதிரிக்கு நான்கைந்து ஓட்டங்கள் தேவை என்பதால் தினம் நூறு மாதிரி பார்க்கும் ஆய்வகத்துக்குக் கட்டாது. அதைவிடப் பெரிய குறை, இது சரிவை மட்டுமே திருத்தும், கூடுதலாக வந்து சேரும் சமிக்ஞையைத் திருத்தாது. உவர்ப்பேறிய கடலோரக் கிணற்று நீரில் ஆர்செனிக்கை ஐசிபி-எம்எஸ்ஸில் தேடினால், ஆர்கான் 40-உம் குளோரின் 35-உம் சேர்ந்த அயனி ஆர்செனிக்கின் 75 என்ற நிறையிலேயே வந்து உட்காரும். மோதல் அறையில் ஹீலியம் செலுத்தி அதை விலக்காவிட்டால், சேர்த்த ஆர்செனிக் நூறு விழுக்காடு மீண்டதாகத் தெரியும், முடிவு மட்டும் பொய்யாக இருக்கும்.

திட்டக் கரைசலிலும் மாதிரியிலும் ஒரே அளவு சேர்த்து ஒப்பிடும் வேறொரு தனிமமான உள்திட்டப் பொருளுக்கும் இப்படி ஒரு குறை உண்டு. ஸ்காண்டியத்தைச் சேர்த்து விகிதம் பார்க்கும்போது மண்ணிலேயே ஸ்காண்டியம் இருந்தால் முடிவுகள் எல்லாம் குறைந்து வரும்.

இவற்றில் மிக வலிமையானது ஐசோடோப்பு நீர்த்தல். ஐசோடோப்பு விகிதம் மாற்றிய அதே தனிமத்தைத் தொடக்கத்திலேயே கலந்துவிட்டால், இடையில் பாதி சிந்திப்போனாலும் விகிதம் மாறாது. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் வெளியிட்ட கிளேர் பேட்டர்சன் இந்த முறையில் தேர்ந்தவர். ஆனால் வெளியிலிருந்து நுழையும் ஈயத்தை எந்த விகிதமும் வடிகட்டாது என்பதை உணர்ந்து, அமிலத்திலிருந்து ஆய்வகக் காற்றுவரை தூய்மைப்படுத்தினார். 1980-இல் அவரும் டோரதி செட்டிலும் சூரை மீன் தசையில் கண்ட ஈயம், அரசு ஆய்வகம் சொன்னதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியை உண்டாக்கியது கோட்டின் சரிவல்ல, மாதிரி இல்லாமல் ஓட்டும் வெற்றுக் கரைசலான பிளாங்க்கைக் கவனியாமை.

நம் நிலத்தடி நீரின் இரு பெரும் நஞ்சுகளான ஆர்செனிக், ஃபுளோரைடு இரண்டுக்கும் ஐசோடோப்பு நீர்த்தல் கதவை மூடிவிடுகிறது. இரண்டுக்கும் இயற்கையில் நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான். அங்கே நம்மிடம் எஞ்சுவது எடையிட்ட கோடும், வரம்பை ஒட்டிய திட்டக் கரைசல்களும், அன்றன்று ஓட்டும் பிளாங்க்கும், மாதிரியைப் போன்றே உப்புள்ள சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளும். தணிக்கைக்கு வருபவர்கள் ஆர்-ஸ்கொயருக்கு முன்னால் இந்த நான்கின் பதிவையும், மிகக் கீழே உள்ள கரைசலைத் திருப்பிப் படித்த எண்ணையும் கேட்க வேண்டும்.